வாசலில் விளக்கைப் போட்டு வையுங்கள்

ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் 12 ஆண்டுகளாக 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக இருக்கும் பெண்மணி ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறோம். நோயாளிகளை அடையாளம் காட்டும் விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

உயிர் போகிற நேரத்தில் போன் செய்தால் எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, எந்த ஊர் என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். இது நியாயமா?
– விவசாயி, அந்தியூர்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது ஐயா. என் அப்பாவுக்கு முடியாமல் போனபோது நானே அந்த முனையில் நின்று பதறியிருக்கிறேன். ஆனால் நீங்கள் 108ஐ அழைத்தால் மணி அடிப்பது எங்கள் வண்டியில் இல்லை, சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறையில். போனை எடுப்பவருக்கு உங்கள் ஊரும் தெரியாது, ஊரடியில் இருக்கும் மாரியம்மன் கோயிலும் தெரியாது. நம் பக்கத்தில் எத்தனை புதூர், எத்தனை காட்டூர், எத்தனை புதுப்பாளையம் என்று எண்ணிப் பாருங்கள். எல்லா ஊரிலும் மாரியம்மன் கோயில் உண்டு.

ஒரு மார்கழி இரவு. மூச்சுத்திணறும் பாட்டிக்காகப் பேரன் அழைத்திருந்தான். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பதற்றத்தில் போனை வைத்துவிட்டான். நாங்கள் 11 கிலோமீட்டர் தள்ளி, அதே பெயரில் இருந்த இன்னொரு ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். திரும்ப அழைத்தால் அவன் எண் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தான். சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாட்டியின் உதடு நீலம் பூத்துவிட்டது. ஆக்சிஜன் வைத்தோம், கொண்டு சேர்த்தோம், விடிவதற்குள் இறந்துவிட்டார். அந்தப் பையன் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதனால் சொல்கிறேன். ஊர்ப் பெயரோடு பஞ்சாயத்தையும், எந்த ரோட்டில் எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பால் சொசைட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று ஊரில் ஒன்றே ஒன்றாக இருப்பதை அடையாளம் காட்டுங்கள். அழைத்த போனில் வேறு யாரிடமும் பேசாதீர்கள், நாங்கள் கூப்பிடுவோம். தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் ஓர் ஆளைப் பிரிவில் டார்ச்சோடு நிறுத்துங்கள். நாயைப் பிடித்துக் கட்டுங்கள். வாசலில் விளக்கைப் போட்டு வையுங்கள். இருட்டில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு வீட்டில் வாசல் விளக்கு எரிந்தால் எங்கள் ஓட்டுநர் அண்ணன், “அதோ, நமக்காகத்தான் எரிகிறது” என்பார். அந்த வெளிச்சம் மிச்சப்படுத்தும் நிமிடங்களை எந்த வேகத்தாலும் மிச்சப்படுத்த முடியாது.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும் என்று எங்கள் தாத்தா சொல்வார். நீங்கள் கட்டக் கூடாது என்கிறீர்களாமே?
– வாசகி, டி.என்.பாளையம்

கட்டவே கட்டாதீர்கள். வெட்டாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், பச்சிலை வைத்துக் கட்டாதீர்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். கயிறும் தாவணியும் சைக்கிள் டியூபும் கட்டிய கால்களை நிறையப் பார்த்துவிட்டேன். இறுக்கிக் கட்டிய காலில் ரத்தம் ஓடாமல் சதை கறுத்துப்போகும். விஷத்திலிருந்து பிழைத்த மனிதர் காலை இழந்துவிடுவார். கட்டைச் சட்டென்று அவிழ்ப்பதும் ஆபத்து. ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டி, அரைஞாண் எது வீக்கத்தில் இறுகுமோ அதைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போல ஒரு மட்டையை வைத்து, இறுக்காமல், அசையாமல் வையுங்கள். கடித்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபட வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்துதான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, அந்தப் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுகிறது. அந்த மருந்து உருவாவது அவர்கள் எடுத்துத் தரும் விஷத்தைக் கொண்டுதான். அவர்களை நினைக்காமல் நான் ஒரு பாம்புக்கடி நோயாளியையும் ஏற்றுவதில்லை.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இரவில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியே இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்தான். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். நான்கு மணிக்கு, “கண்ணைத் திறக்க முடியவில்லை அம்மா” என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் பயந்துபோய் அழைத்தார் பாருங்கள், அந்தத் தாய்க்குக் கோடி நமஸ்காரம். நாங்கள் போனபோது பையன் நெற்றியைச் சுருக்கி, புருவத்தை மேலே தூக்கி, அந்த இடுக்கு வழியாக என்னைப் பார்த்தான். இமை பாதி விழுந்திருந்தது. தரையில் பாய், பாய்க்குப் பக்கத்தில் சோளத்தட்டுக் கட்டு.

வண்டியில் ஏற்றியதும் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். மூச்சுத் தசை எவ்வளவு தளர்கிறது என்று பார்க்க அது ஒரு வழி. வாய்க்கால் பாலம் ஏறும்போது பதினொன்று வரை எண்ணினான். நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரும்போது ஏழு. குரல் மூக்கால் பேசுவது போல ஆகிவிட்டது. மெயின் ரோட்டில் ஏறியபோது நான்கு, அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது. முகமூடியை முகத்தில் பொருத்தி, கையால் அழுத்தி மூச்சைச் செலுத்தும் ஆம்பு பையை மூன்று விநாடிக்கு ஒருமுறை அழுத்தத் தொடங்கினேன். போனில் கட்டுப்பாட்டு அறை மருத்துவர் உடனிருந்தார். 35 நிமிடம் அழுத்தினேன். அவனுக்கு நினைவு இருந்தது என்பது எனக்குத் தெரியும். கட்டுவிரியன் விஷம் தசையைத்தான் கட்டிப்போடும், மனதை இல்லை. அதனால், “நான்தான் உனக்காக மூச்சு விடுகிறேன் சாமி, நீ பயப்படாதே” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மருத்துவமனையில் முறிவு மருந்தும் ஏற்றினார்கள், வென்டிலேட்டரிலும் வைத்தார்கள். ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். “அக்கா எண்ணச் சொன்னாங்க, எனக்கு இருபது வரைக்கும் தெரியும், ஆனால் வாய் வரலை” என்று அம்மாவிடம் சொன்னானாம்.

இப்போது எங்கே போனாலும் இதைத்தான் கேட்கிறேன்: தரையில் படுக்காதீர்கள், கட்டில் வாங்க வசதி இல்லை என்றால் கொசுவலை கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு கண்ணிமை தொங்கினால் வயிற்றை மறந்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுத்தால் நின்றுவிடுகிறதே, அது எப்படி?
– கடைக்காரர், புளியம்பட்டி

சாவியால் நிற்பதில்லை ஐயா. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். நீங்கள் சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அது நிற்பதற்கும் சரியாக இருக்கும். வாயில் கரண்டியோ துணியோ திணிக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ உடனே அழையுங்கள். கர்ப்பிணிக்கு வரும் வலிப்பில் இரண்டு உயிர் இருக்கிறது.

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே?
– மில் தொழிலாளி, பெருந்துறை

வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிகாட்டுதல்களைக் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. பணம் யார் கட்டுவது என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரர் என்றும் பார்ப்பதில்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

நாங்கள் வருவதற்குள் இரண்டு விஷயம் மட்டும் செய்யுங்கள். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். கழுத்தை அசைக்காதீர்கள், தூக்கி உட்கார வைக்காதீர்கள். சோடா வாங்கி வாயில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும். அன்பால்தான் ஊற்றுகிறார்கள், அதனால்தான் சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மலையில் வண்டியிலேயே பிரசவம் பார்ப்பீர்களாமே? பயமாக இருக்காதா?
– கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

இருக்கும். முதல் பிரசவத்தில் கையுறைக்குள் என் விரல் நடுங்கியதை அந்தத் தாய் பார்த்துவிட்டு, “ஒண்ணும் ஆகாது அம்மிணி” என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

எங்கள் பக்கத்து மலையைப் பற்றித் தெரிந்தால்தான் இது புரியும். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றிலும் புலிகள் காப்பகம். 2022 பிப்ரவரியிலிருந்து அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது, எங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் இரவில் அந்தச் சாலையில் பல நேரம் எங்கள் வண்டி மட்டும்தான் இருக்கும். நிறைய இடங்களில் போனில் சிக்னல் கிடைக்காது.

மலைமேல் ஆசனூர் பக்கம் ஒரு சோளகர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றினோம். கூட அவருடைய மாமியார். திம்பத்துக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே நான்கு யானைகள், நடுவில் ஒரு குட்டி. குட்டி இருந்தால் தாய் யானை நகராது, நாமும் நெருங்கக் கூடாது. அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தி, சைரன், முன்விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். உள்ளே சின்ன விளக்கு மட்டும். பனிக்குடம் உடைந்தது. இனிமேல் பிரசவம் இங்கேதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தலை வெளியே வந்தபோது கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது. விரலை விட்டுத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிட்டேன், தளர்வாக இருந்தது என் பாக்கியம். பெண் குழந்தை. அழவில்லை. துண்டால் முதுகைத் துடைத்தேன், இன்னொரு காய்ந்த துண்டால் மறுபடி துடைத்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். “அழு கண்ணு, அழு” என்று நான் கெஞ்சுகிறேன். மாமியாரோ வெளியே பார்த்துக்கொண்டு, கன்னடம் கலந்த அவர்கள் பேச்சில், “மெதுவாக, மெதுவாக” என்கிறார். யானைக்குக் கேட்டுவிடுமாம். குழந்தை முதலில் ஒரு தும்மல் போட்டது. பிறகு வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்துக்கு யானைகள் ஒன்றும் செய்யவில்லை, ஒரு கிளையை முறிக்கும் ஓசை மட்டும் கேட்டது. குழந்தையை அம்மாவின் மார்பில் தோலோடு தோலாகப் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, கொடியின் துடிப்பு அடங்கியதும் கிளிப் போட்டு வெட்டினேன். யானைகள் நகர இன்னும் அரைமணி ஆனது.

ஆனால் ஒன்று. இது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இல்லை. பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்பே அந்தப் பெண் அடிவாரத்து மருத்துவமனைக்கு வந்திருக்க வேண்டும். ரத்தப்போக்கு நிற்காமல் போயிருந்தால் அந்த இருட்டில் என்னிடம் ரத்தம் இல்லை, அறுவை அரங்கம் இல்லை. மலையில் இருக்கிற கர்ப்பிணிகள் தேதி நெருங்கும்போது கீழே வந்து தங்குங்கள். கிராமச் செவிலியர் வீட்டுக்கு வந்து கூப்பிடும்போது, “ஆடு மாட்டை யார் பார்ப்பது” என்று தள்ளிப்போடாதீர்கள்.

நெஞ்சுவலியா, வாயுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கவுந்தப்பாடி

வீட்டில் கண்டுபிடிக்க முடியாது ஐயா, கண்டுபிடிக்க முயலவும் வேண்டாம். ஈசிஜி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், சில நேரம் அதிலும் முதலில் தெரியாது. நடு நெஞ்சில் பாரம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் இஞ்சிச் சாறும் சோடாவும் தேடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி இல்லாமல், மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் மட்டும்கூட இருக்கலாம். 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். அப்படிக் கிளம்பியவரை வழியில் புளியமரத்தடியில் கிடத்தி வைத்திருக்க, நான் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தியிருக்கிறேன். அவருடைய சட்டைப் பையில் வாயு மாத்திரை அட்டை இருந்தது, இரண்டு எடுத்திருந்தார்.

பி.எஸ்சி. விலங்கியல் படித்திருக்கிறேன். இந்த வேலைக்கு வரலாமா? வீட்டில் இரவு வேலை என்று யோசிக்கிறார்கள்.
– வாசகி, சிவகிரி

வாருங்கள் தங்கையே. நானும் விலங்கியல்தான். நர்சிங், டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகப் பட்டயம்) படித்தவர்களும் தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டம் பெற்றவர்களும் வரலாம். 19 முதல் 30 வயது வரை எடுத்து வருகிறார்கள். எழுத்துத் தேர்வு, நேர்காணல் முடிந்து 50 நாள் பயிற்சி. இடைத்தரகர் யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

12 மணி நேர வேலை, பகலும் உண்டு, இரவும் உண்டு. பாதுகாப்பைப் பற்றி உங்கள் வீட்டாரிடம் என் அனுபவத்தைச் சொல்லுங்கள்: ஓட்டுநர் அண்ணன் என்னைத் தனியாக ஒரு வீட்டுக்குள் அனுப்பியதே இல்லை. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை அவர் கையில்தான் இருக்கும். குடித்துவிட்டு வம்பு செய்பவர்கள் இருக்கிறார்கள், கல்யாண வீட்டுச் சண்டையில் ஒருமுறை என் கையை முறுக்கினார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சம்பளம் இந்த உழைப்புக்குக் குறைவு என்பது என் உறுதியான எண்ணம், எங்களைப் போன்றவர்கள் அதற்காகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். தீபாவளி, பொங்கல் அன்று வீட்டில் இருக்க முடியாது. தீபாவளி அன்றுதான் எங்களுக்கு வேலையே அதிகம்.

சைரன் சத்தம் கேட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஏழாம் வகுப்பு மாணவன், பவானி

நல்ல கேள்வி கேட்டாய் தம்பி. சைக்கிளில் போனால் இடது ஓரமாக நிறுத்திவிடு. அப்பாவோடு பைக்கில் போனால், “ஓரம் கட்டுங்கள் அப்பா” என்று சொல். வண்டி போன பிறகு அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வேகமாகப் போகக் கூடாது என்றும் சொல். நோயாளியின் சொந்தக்காரர்களே அப்படித்தான் எங்களைத் துரத்தி வருகிறார்கள். போன வருடம் தாத்தாவை ஏற்றிப் போனபோது பின்னால் பைக்கில் விரட்டி வந்த பேரன், வேகத்தடையில் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். எங்களால் நிற்க முடியவில்லை. அவனுக்காக இன்னொரு வண்டியைக் கூப்பிட்டுவிட்டு, கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி போனோம். தாத்தா, “பையன் வருகிறானா” என்று கேட்டார். “வருகிறான் தாத்தா” என்று சொன்னேன்.